சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு அரைநாள் மிச்சமாகிறது. வெளியே மழை. பக்கத்தில் ஏதோ கலை அருங்காட்சியகம் இருப்பதாகக் கைபேசி காட்டுகிறது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்தால் ஓர் அறையில் செங்கல் அடுக்கியிருக்கிறது, அடுத்த அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது, மூன்றாவது அறையில் ஒன்றுமே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து, கால்வலியோடும், மற்றவர்களுக்கெல்லாம் புரிந்து நமக்கு மட்டும்தான் புரியவில்லையோ என்ற சந்தேகத்தோடும் வெளியே வருகிறோம். என் முதல் அனுபவம் அப்படியே இதுதான்.

அப்புறம் வேறு ஊர்களில் சில முறை போய்ப் பார்த்த பிறகு ஒன்று தெரிந்தது. அன்றைய சொதப்பலில் பாதிக்குக் கலை காரணமே இல்லை. தப்பான நேரம், கனமான பை, பசி, எல்லா அறையையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்ற பேராசை, இவைதான் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம், சுவரில் ஒட்டியிருந்த சிறு அட்டையை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

போவதற்கு முன்

பெயரைக் கவனியுங்கள். 'மாடர்ன்' வேறு, 'கண்டெம்பரரி' வேறு. நவீனக் கலை என்பது ஏறக்குறைய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1960கள் வரை வருவது. சமகாலக் கலை அதற்குப் பிந்தியது, பெரும்பாலும் இன்னும் உயிரோடு இருக்கும் கலைஞர்களுடையது. பல இடங்களில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். 1929இல் தொடங்கிய நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான 'மோமா'வில் வான்கோவின் நட்சத்திர இரவும் உண்டு, போன வருடம் செய்த படைப்பும் உண்டு. மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியாவில் பிகாசோவின் குவெர்னிகா இருக்கிறது. ஆனால் ஜப்பானின் கனஸாவா நகரில் 2004இல் திறந்த 21ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகத்துக்குப் பழைய ஓவியங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அங்கே கூட்டம் சேர்வது லியாண்ட்ரோ எர்லிக் செய்த நீச்சல் குளத்தைப் பார்க்க. மேலே நிற்பவருக்கு, நீருக்கு அடியில் மனிதர்கள் உடை நனையாமல் நடமாடுவது போலத் தெரியும். அந்த அடித்தளத்துக்குள் போக டிக்கெட் மட்டும் போதாது, தனியாக முன்பதிவும் வேண்டும்.

ஜெர்மன் பேசும் நாடுகளில் 'குன்ஸ்ட்ஹாலே' என்ற பலகையைப் பார்த்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் பலவற்றுக்குச் சொந்தச் சேகரிப்பு கிடையாது. தற்காலிகக் கண்காட்சிகள்தான் நடக்கும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம்.

முதல்முறை போகிறவருக்கு என் பரிந்துரை: கட்டடமே பார்க்கத் தகுந்த இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஃபிராங்க் கெரி வடிவமைத்து 1997இல் திறந்த பில்பாவ் குகன்ஹைம், பழைய மின்நிலையத்துக்குள் 2000இல் வந்த லண்டன் டேட் மாடர்ன், தானியக் கிடங்கைக் குடைந்து 2017இல் உருவாக்கிய கேப் டவுனின் ஸைட்ஸ் மோக்கா, இப்படி. உள்ளே இருப்பது பிடிக்காமல் போனாலும் கட்டடம் கைவிடாது.

அடுத்து, விடுமுறை நாள். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய நாடுகளில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ரெய்னா சோஃபியாவுக்குச் செவ்வாய். ஜப்பானில் இன்னொரு திருப்பமும் உண்டு: திங்கட்கிழமை அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்திருந்து, அதற்கு அடுத்த வேலைநாளில் மூடிவிடுவார்கள். பாரிஸின் பொம்பிடூ மையம் புதுப்பிப்புப் பணிக்காக 2025இல் மூடப்பட்டது. 2030இல்தான் திறப்பதாகத் திட்டம். பழைய பயணக் குறிப்பை நம்பிப் போய் வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்னும் சில வருடங்களுக்கு இருப்பார்கள். ஆகவே அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில், நீங்கள் போகப்போகும் தேதியை வைத்தே பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட படைப்புக்காகப் போகிறீர்கள் என்றால் அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெரிய அருங்காட்சியகங்களில் சேகரிப்பின் பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கும். நீங்கள் தேடிப்போகும் சிற்பம் வேறொரு நாட்டுக்கு இரவலாகப் போயிருக்கலாம்.

டிக்கெட் விஷயத்தில், நிரந்தரச் சேகரிப்பு ஒரு கணக்கு, சிறப்புக் கண்காட்சி வேறு கணக்கு. டேட் மாடர்னில் முன்னது இலவசம், பின்னதற்குக் கட்டணம். ரெய்னா சோஃபியாவில் சாயங்காலக் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம், ஆனால் வரிசை நீளும். சில இடங்களில் இலவச நேரம் அந்த ஊரில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான், இதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மாணவர், முதியோர் சலுகைக்கு அடையாள அட்டை கேட்பார்கள். ஜப்பானின் நவோஷிமா தீவில் உள்ள சிச்சு கலை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் நேரம் குறித்த முன்பதிவு வேண்டும். தீவுக்குப் படகில் போய் இறங்கிய பிறகு இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த நேரம் போவது? திறந்த முதல் ஒரு மணி நேரம், இல்லையென்றால் இரவு. கோபன்ஹேகனுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் லூசியானா அருங்காட்சியகம், செவ்வாய் முதல் வெள்ளி வரை இரவு 10 மணிவரை திறந்திருக்கும். ஊர் சுற்றும் வேலையைப் பகலில் முடித்துவிட்டுச் சாயங்காலம் அங்கே போகலாம். ஞாயிறு மதியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

குறைவாக. முதுகுப்பையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், அல்லது முன்பக்கமாக மாட்டச் சொல்வார்கள். திரும்பும்போது பின்னால் இருக்கும் படைப்பை இடித்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். லாக்கர்கள் சில இடங்களில் நாணயம் போட்டால்தான் பூட்டும், கையில் உள்ளூர் நாணயம் ஒன்றிரண்டு இருக்கட்டும். பெரிய பயணப்பெட்டி எந்த லாக்கரிலும் நுழையாது, பல இடங்களில் அதை வாங்கி வைக்கவும் மாட்டார்கள். விடுதி அறையைக் காலி செய்துவிட்டு விமான நேரம்வரை பொழுதைப் போக்க நினைப்பவர்கள் பெட்டிக்கு முதலில் வேறு வழி பார்க்க வேண்டும்.

படைப்புகளைப் பாதுகாக்க அறைகளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பார்கள், மெல்லிய மேலாடை ஒன்று உதவும். குறிப்பெழுத விரும்பினால் பேனாவுக்குப் பதில் பென்சில், பல இடங்களில் காட்சியறைக்குள் பேனாவுக்கு அனுமதி இல்லை. அப்புறம், கிழியாத காலுறை. சிரிக்க வேண்டாம். சில அறைகளுக்குள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சிச்சுவில் மோனே ஓவியங்கள் இருக்கும் அறை அப்படிப்பட்டது.

உள்ளே போனதும்

வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஆமாம், முதலில் உட்காருங்கள். எவ்வளவு பார்க்கப்போவதில்லை என்று முடிவு செய்யும் நேரம் இது. பெரிய அருங்காட்சியகம் என்றால் ஒரு தளம், அல்லது ஒரு கண்காட்சி. அதற்கு இரண்டு மணி நேரம். அதற்குமேல் கண் பார்க்கும், மனம் பார்க்காது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஆய்வாளர்கள் கவனித்து 2001இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு படைப்பின் முன் பார்வையாளர் நிற்கும் நேரம் சராசரியாக 27 விநாடி. அட்டையைப் படிப்பதும் அதற்குள் அடக்கம். அதனால் நான் இப்படிச் செய்வேன்: முதல் சுற்றில் நிற்காமல் நடந்து எல்லா அறைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன், பத்துப் பதினைந்து நிமிடம். எது என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது, எது எரிச்சலூட்டியது என்று மனதில் குறித்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் அந்த நான்கைந்துக்கு மட்டும் திரும்பிப் போவேன். எரிச்சலூட்டியதையும் சேர்த்துத்தான். பல நேரம் அதுதான் ஊர் திரும்பியும் நினைவில் நிற்கிறது.

சுவரில் இருக்கும் அட்டை

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அறை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு நீண்ட பத்தி இருக்கும். அது கண்காட்சியை அமைத்தவர் எழுதியது. அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அதில் பாதியைத் தாண்டிப் போய்விடுவார்கள், புரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் இருக்கும் சிறிய அட்டைதான் நமக்கு வேண்டியது. எந்த நாட்டிலும் அதன் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் கலைஞரின் பெயர், பிறந்த ஆண்டு, நாடு. இறந்த ஆண்டு இல்லையென்றால் பெரும்பாலும் அவர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார். பிறந்தது ஒரு நாடு, வசிப்பது வேறு நாடு என்று போட்டிருந்தால் அது சும்மா போட்டதில்லை. படைப்பின் பொருளே சில நேரம் அந்த இடைவெளிதான். பிறகு தலைப்பு. 'அன்டைட்டில்டு' என்று இருந்தால் தலைப்பு போட மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெயரைச் சொல்லி உங்கள் பார்வையை ஒரு பக்கம் தள்ள விரும்பவில்லை என்று அர்த்தம். பிறகு ஆண்டு. அந்த ஆண்டில் உலகத்தில் என்ன நடந்தது என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வரி, என்ன பொருளால் செய்தது என்பது. பலர் தாண்டிப்போகும் இந்த வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். கான்வாஸில் எண்ணெய் வண்ணம் என்று இருந்தால் சரி. 'மிக்ஸ்டு மீடியா' என்றால் கையில் கிடைத்த பலவும் கலந்தது. சில அட்டைகளில் இந்த வரியே கதை சொல்லும். சிகாகோ கலை நிறுவனத்தின் சேகரிப்பில் ஒரு மிட்டாய்க் குவியல் இருக்கிறது. அறை மூலையில், வண்ணக் காகிதம் சுற்றிய மிட்டாய்கள். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991இல் செய்தது. அட்டையில், மிட்டாய்கள் தீரத் தீர நிரப்பப்படும் என்றும், உகந்த எடை 175 பவுண்டு என்றும் குறிப்பு, அதாவது சுமார் 79 கிலோ. தலைப்பில் ராஸ் என்பவரின் உருவப்படம் என்று இருக்கிறது. ராஸ் அந்தக் கலைஞரின் துணைவர், எய்ட்ஸ் நோயால் அதே 1991இல் இறந்தவர். அந்த எடையை ஓர் ஆரோக்கியமான உடலின் எடையாகப் பலரும் வாசிக்கிறார்கள். பார்வையாளர்கள் ஆளுக்கொரு மிட்டாய் எடுக்க எடுக்க அந்த உடல் கரைகிறது. அருங்காட்சியகம் மறுபடி நிரப்புகிறது. அட்டையைப் படிக்கும்வரை அது மூலையில் கொட்டிய மிட்டாய் மட்டும்தான்.

அளவு வரியில் முதலில் உயரம், அப்புறம் அகலம். 'டைமென்ஷன்ஸ் வேரியபிள்' என்றால் அறைக்கு ஏற்ப அளவு மாறும். '3/5' போல ஓர் எண் இருந்தால் ஐந்து பிரதிகளில் இது மூன்றாவது. கடைசியில் வருவது யார் கொடுத்தது, யாருடைய சேகரிப்பு என்ற விவரமும் பதிவெண்ணும். பல அருங்காட்சியகங்களில் அந்தப் பதிவெண்ணுக்குள் வாங்கிய ஆண்டும் ஒளிந்திருக்கும். செய்த வருடமே வாங்கினார்களா, கலைஞர் பிரபலமான பிறகு நாற்பது வருடம் கழித்து வாங்கினார்களா என்று பார்ப்பது எனக்கு ஒரு சின்னப் பொழுதுபோக்கு.

அட்டை தெரியாத மொழியில் இருந்தால் கைபேசியின் கேமரா மொழிபெயர்ப்பு போதும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் உள்ள மோனா அருங்காட்சியகத்தில் சுவரில் அட்டையே கிடையாது, அவர்களுடைய செயலியில்தான் விவரம் வரும். காதுக்கருவியோடு போய்விடுங்கள், மின்னூட்டமும் முழுசாக இருக்கட்டும்.

வரிசை முக்கியம்: முதலில் படைப்பு, பிறகு அட்டை, மறுபடி படைப்பு. அட்டையை முதலில் படித்தால் அதில் சொன்னதை மட்டும்தான் கண் தேடும்.

ஒன்றும் புரியாதபோது

'இதன் அர்த்தம் என்ன' என்ற கேள்வியோடு ஆரம்பித்தால் முட்டுச்சந்துதான். இது என் உடம்பை என்ன செய்ய வைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். குனிய வைக்கிறதா, சுற்றிவர வைக்கிறதா, காத்திருக்க வைக்கிறதா? பில்பாவ் குகன்ஹைமில் ரிச்சர்ட் செர்ராவின் பிரம்மாண்டமான எஃகுச் சுருள்களுக்குள் நடந்தால், சுவர் சாய்ந்திருப்பதால் லேசாகத் தலை சுற்றும். அந்தத் தலைசுற்றல்தான் அங்கே முக்கியமானது, அதற்கு விளக்கம் படிக்க வேண்டியதே இல்லை.

அடுத்த கேள்வி, இதைச் செய்தது யாருடைய கை? சால் லெவிட்டின் சுவர் ஓவியங்கள் பலவற்றைத் தீட்டியது உதவியாளர்கள். அவர் எழுதிக்கொடுத்தது செய்முறையை. கண்காட்சி முடிந்ததும் சுவரில் வெள்ளை அடித்துவிடலாம், படைப்புக்குச் சேதம் இல்லை.

செங்கல் என்றேனே, அது கார்ல் ஆந்த்ரேயின் 'ஈக்விவலன்ட் VIII'. 120 தீச்செங்கல்கள், அவ்வளவுதான். டேட் அதை 1972இல் வாங்கியது, 1976இல் பிரிட்டன் பத்திரிகைகள் கிழி கிழியென்று கிழித்தன. 'இதை நானும் செய்வேனே' என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பே இல்லை. உங்களுக்கு முன்னால் ஒரு நாடே அப்படித்தான் கேட்டது. எனக்கும் அது இன்றுவரை பிடிக்கவில்லை. பிடிக்காததை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவதற்கு எந்தத் தடையும் இல்லை.

தொடலாமா, மிதிக்கலாமா, உட்காரலாமா

அனுமதி என்று எழுதியிருந்தால் ஒழிய, தொடக் கூடாது. ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி நிற்பது நல்லது. தரையில் கோடு இருந்தால் அதைத் தாண்டினாலே மணி அடிக்கலாம். குழப்பம் எங்கே வருகிறதென்றால், சில படைப்புகளைத் தொடலாம், சிலவற்றின் மேல் நடக்கலாம். அதே கார்ல் ஆந்த்ரேயின் உலோகத் தகடு படைப்புகள் சில, மிதித்து நடக்கவே செய்தவை. 2010இல் டேட் மாடர்னில் அய் வெய்வெய் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஆரம்பத்தில் அதன்மேல் நடக்கலாம், படுத்துப் புரளலாம் என்றிருந்தது. தூசி கிளம்பியதால் சில நாளிலேயே தடை செய்தார்கள். ஆகவே எங்கோ பார்த்த பழைய புகைப்படத்தை நம்பிக் காலை வைக்காதீர்கள்.

உடம்புக்கும் எச்சரிக்கை வேண்டும். போர்ட்டோவின் செர்ரால்வெஸ் அருங்காட்சியகத்தில் ஒருமுறை காட்சிக்கு வைத்திருந்த அனிஷ் கபூரின் படைப்பு ஒன்று, தரையில் தீட்டிய கரிய வட்டம் போலத் தெரிந்தது. உண்மையில் அது சுமார் இரண்டரை மீட்டர் ஆழக் குழி. 2018இல் ஒரு பார்வையாளர் அதில் விழுந்து மருத்துவமனைக்குப் போனார்.

எது கலை, எது இல்லை என்ற குழப்பத்துக்கு வெட்கப்பட வேண்டாம். 2015இல் இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில், விருந்து முடிந்த கூடம் போல அமைத்திருந்த படைப்பை நிஜக் குப்பை என்று எண்ணித் துப்புரவுப் பணியாளர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். 2016இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு பையன்கள் ஒரு மூக்குக்கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க, கூட்டம் அதைச் சுற்றி நின்று படம் பிடித்தது. நானும் ஒருமுறை களைத்துப்போய் ஒரு மர இருக்கையில் உட்காரப் போனேன். பாதி உட்கார்ந்த நிலையில் காவலர் அம்மா ஓடி வந்தார். அதற்குப் பக்கத்தில் அட்டை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அந்தக் காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்க அந்தப் படைப்போடு நிற்பவர்கள் அவர்கள். "இதில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று ஒரு நெரிசல் இல்லாத நேரத்தில் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த நல்ல விளக்கங்கள் சில அவர்களிடமிருந்து வந்தவைதான். காவலர் திடீரென்று உங்களைச் சுற்றி ஆடிப் பாட ஆரம்பித்தால் பயப்படாதீர்கள், அது டினோ செகாலின் படைப்பாக இருக்கலாம். படம் எடுக்க மட்டும் முயலாதீர்கள், அவர் அனுமதிப்பதில்லை.

படம் எடுப்பதில் பொது விதி: கேமராவின் ஃபிளாஷ், முக்காலி, செல்ஃபிக் குச்சி கூடாது. மற்றபடி அறைக்கு அறை மாறும். குவெர்னிகாவைப் படமெடுக்க 2023இல்தான் அனுமதி வந்தது. சிச்சுவின் காட்சியறைகளில் இன்றும் இல்லை. வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் 2017இல் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறைகளுக்குள் ஆளுக்கு அரை நிமிடம்கூடத் தரவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கைபேசியை எடுத்துத் திறந்து சரிசெய்வதற்குள் நேரம் போய்விடும். முதல் பத்து விநாடி வெறும் கண்ணால் பாருங்கள்.

இருட்டறைகள்

காணொளிப் படைப்பு இருக்கும் அறை கறுப்புத் திரையோடு இருக்கும். வாசல் அட்டையில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். ஆறு நிமிடம் என்றால் உட்கார்ந்து, ஆரம்பம் மறுபடி வரும்வரை பார்க்கலாம். ஒரு மணி நேரம் என்றால் ஐந்து நிமிடம் கொடுத்துப் பார்த்து, இழுத்தால் இருங்கள். கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி கிளாக்' 24 மணி நேரம் ஓடும். திரையில் தெரியும் கடிகாரம் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகும். முழுதாகப் பார்க்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பளிச்சிடும் ஒளி, குழந்தைகளுக்கு ஏற்காத காட்சி போன்ற எச்சரிக்கையும் அதே வாசலில்தான் இருக்கும், பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உள்ளே நுழைந்ததும் சுவரோரம் கையை வைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். யாருடைய மடியிலாவது உட்காராமல் தப்பிக்க இதுதான் வழி. நவோஷிமாவில் மினாமிதேரா என்ற கட்டடத்துக்குள் ஜேம்ஸ் டரெல் செய்த அறையில் முதலில் எதுவுமே தெரியாது, முழு இருட்டு. ஏமாற்றுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, சில நிமிடங்களில் கண் பழகி, எதிரே மங்கலாக ஓர் ஒளிச்செவ்வகம் புலப்படும். அந்த ஒளி ஆரம்பம் முதலே அங்கே இருந்ததுதான்.

வெளியே வரும்போது

நடுவில் களைத்தால் தேநீர் குடிக்கப் போங்கள், ஆனால் வெளியே போனால் மறுபடி நுழைய அதே டிக்கெட் செல்லுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். வெளியேறும் வழி பெரும்பாலும் கடைக்குள்தான் போகும். கனமான கண்காட்சி நூலை வாங்குவதற்கு முன் விமானத்தின் எடை வரம்பை நினையுங்கள். நான் இரண்டு அஞ்சலட்டை மட்டும் வாங்கி, அன்று பார்த்ததில் ஒன்றைப் பற்றி நான்கு வரி அதன் பின்பக்கம் எழுதி வைப்பேன். கலைஞரின் பெயர் எப்படியும் மறந்துபோகும், படைப்பின் பக்கத்தில் இருக்கும் அட்டையை மட்டும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் பிறகு தேட உதவும்.

லாக்கரைத் திறந்ததும் நீங்கள் போட்ட நாணயம் பல இடங்களில் திரும்பி விழும். குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த அருங்காட்சியகத்துக்கு ஆகும்.